நுரையீரல் தழும்பு அடுத்த வருடம் எவ்வளவு ஏறும்? சிடி ஸ்கேனில் ஜெனரேட்டிவ் ஏஐ பழகுபவர்களுக்கு

ஐபிஎஃப் என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் ஒரு நோய் இருக்கிறது. காரணம் தெரியாமல் நுரையீரலில் தழும்பு ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது, கண்டுபிடித்த பிறகு 3 முதல் 5 வருடம் ஆயுள் என்று புத்தகங்கள் ஒரு கணக்குச் சொல்லும், ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. ஒருவர் நாலு வருடம் அப்படியே இருப்பார், இன்னொருவர் வீட்டுக்கு ஆறே மாதத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்துவிடும், இருவரின் முதல் ஸ்கேனும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்திருக்கும். பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகள் 2014 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவை தழும்பு ஏறும் வேகத்தைக் குறைக்கும், ஏறியதை எடுக்காது. அதனால்தான் யாருக்கு வேகமாக ஏறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிவது இவ்வளவு முக்கியம்: நுரையீரல் மாற்று சிகிச்சைக்கு இப்போதே பெயர் கொடுக்கலாமா, மருந்தை இன்றே தொடங்கலாமா என்பதெல்லாம் அதைப் பொறுத்த முடிவுகள்.

இந்தக் கட்டுரை, பைதான் ஓரளவு தெரிந்த, எங்கோ ஒரு சின்ன இமேஜ் மாடலையாவது பயிற்றுவித்துப் பார்த்த, ஆனால் மருத்துவ ஸ்கேனைத் தொட்டதே இல்லாத ஒருவருக்கானது. இன்றைய ஸ்கேனைக் கொடுத்தால் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று படமாகவே வரைந்து தரும் மாடலை எப்படிக் கட்டுவது என்று பார்க்கப்போகிறோம். படம் வந்துவிடும், அதில் பெரிய சிரமம் இல்லை. வந்த படத்தை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வதற்குத்தான் நாள் முழுக்க வேலை இருக்கிறது, கட்டுரையின் பாதி அதற்கே போகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போனில் படம் எடுத்து, ஏதாவது ஒரு சாட்பாட்டில் ஏற்றி, "அடுத்த வருடம் எப்படி இருக்கும்?" என்று கேட்காதீர்கள். ஒரு ஸ்கேனில் முந்நூறு ஸ்லைஸ், அதாவது குறுக்குவெட்டுப் படம், இருக்கலாம், நீங்கள் கொடுப்பது அதில் ஒன்று. ஸ்கேனின் ஒவ்வொரு புள்ளியிலும் அடர்த்தியைக் குறிக்கும் எண் இருக்கும், போன் படத்தில் அது போய்விடும். மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் அச்சாகியிருக்கும், அதுவும் சேர்ந்தே போகும்.

படம் பிறகு, முதலில் எண்

நோய் ஏறுகிறதா என்று பார்க்க டாக்டர்கள் நம்பும் எண் எஃப்விசி. மூச்சை முழுக்க இழுத்து, குழாயில் வேகமாக ஊதினால் மொத்தம் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்ற அளவு. வயதாகும்போது எல்லோருக்கும் இது வருடத்துக்கு 30 மில்லிலிட்டர் அளவில் குறையும். நின்டெடானிப் மருந்தைச் சோதித்த இன்பல்சிஸ் என்ற இரண்டு ஆய்வுகளில், மருந்து இல்லாத குழுவினர் ஒரு வருடத்தில் இழந்தது சுமார் 240, 207 மில்லிலிட்டர். மருந்து எடுத்தவர்கள் இரண்டிலும் சுமார் 114. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: ஒரே ஆள் ஒரே நாளில் அடுத்தடுத்து ஊதும்போது இரண்டு நல்ல அளவுகளுக்கு நடுவே 150 மில்லிலிட்டர் வரை வித்தியாசம் இருந்தாலும் பரிசோதனை சரியானது என்றே ஏற்றுக்கொள்வார்கள். அதாவது மருந்து எடுப்பவரின் ஒரு வருட இழப்பு, அளப்பதில் வரும் தடுமாற்றத்துக்குள் அடங்கிவிடக்கூடியது. இது மனதில் உட்கார்ந்துவிட்டால், "எங்கள் மாடல் 20 மில்லிலிட்டர் துல்லியத்தில் சொல்கிறது" என்று யாராவது சொல்லும்போது உங்களுக்கே சந்தேகம் வரும்.

பழக நல்ல இடம், 2020-ல் காகிள் தளத்தில் நடந்த ஓஎஸ்ஐசி நுரையீரல் ஃபைப்ரோசிஸ் (தழும்பு நோய்) போட்டியின் தரவு. 176 நோயாளிகள், 1,549 எஃப்விசி அளவுகள், ஆளுக்கு ஒரு தொடக்க சிடி ஸ்கேன், வயது, பாலினம், புகைப்பழக்கம், அவ்வளவுதான். அதில் மதிப்பெண் போட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கணிப்போடும் "இதில் எனக்கு இவ்வளவு தடுமாற்றம்" என்று இன்னொரு எண்ணையும் தர வேண்டும். நிச்சயமாகச் சொல்லித் தவறாகிப்போனால் மதிப்பெண் பலமாக அடிபடும், தயங்கிச் சொல்லிச் சரியாக இருந்தாலும் கொஞ்சம் குறையும். 70 மில்லிலிட்டருக்குக் கீழே தடுமாற்றத்தைக் காட்டினாலும் 70 என்றே எடுத்துக்கொள்வார்கள், அதற்குக் கீழே துல்லியம் பேசுவதில் பொருள் இல்லை.

முதல் வாரம் ஸ்கேனைத் தொடவே வேண்டாம். அட்டவணையில் இருக்கும் எண்களை வைத்து மூன்று சின்னக் கணிப்புகள் செய்யுங்கள். எதுவுமே மாறாது என்பது ஒன்று. எல்லோருக்கும் ஒரே சரிவு என்பது இரண்டு. வயது, பாலினம், தொடக்க எஃப்விசி இவற்றை வைத்து, நடுக் கணிப்போடு மேல், கீழ் எல்லையையும் தரும் ஒரு குவான்டைல் ரிக்ரஷன் மூன்று. கிடைத்த மதிப்பெண்களைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். இனி கட்டப்போகும் பெரிய மாடல் எதுவானாலும் இந்த மூன்றையும் தாண்ட வேண்டும், தாண்டுவது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம்.

ஸ்கேனைத் திறப்பது

ஸ்கேன்கள் டைகாம் என்ற வடிவத்தில் வரும், ஒரு ஸ்லைஸுக்கு ஒரு கோப்பு. பைடைகாம் அல்லது சிம்பிள்ஐடிகே கொண்டு திறக்கலாம். ஓஎஸ்ஐசி தரவில் இரண்டு நோயாளிகளின் கோப்புகள் சாதாரணமாகத் திறக்காது, ஜிடிசிஎம் என்ற கூடுதல் நூலகத்தை நிறுவினால் திறக்கும், பயந்துவிடாதீர்கள்.

கோப்பின் பெயரை வைத்து ஸ்லைஸ்களை வரிசைப்படுத்தக் கூடாது. டைகாமுக்குள் ஒவ்வொரு ஸ்லைஸும் உடலில் எந்த இடம் என்ற எண் இருக்கிறது, அதை வைத்து அடுக்குங்கள். அடுத்து, கோப்பில் இருக்கும் எண்களை, அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு மாற்ற வேண்டும், அதற்கான பெருக்கல் எண்ணும் கூட்டல் எண்ணும் கோப்பிலேயே இருக்கும். காற்று மைனஸ் 1000, தண்ணீர் 0, நல்ல நுரையீரல் மைனஸ் 800-ஐ ஒட்டி, தழும்பு ஏறிய இடம் அதைவிட நிறைய மேலே. சில இயந்திரங்கள், ஸ்கேன் செய்த வட்டத்துக்கு வெளியே உள்ள மூலைகளில் மைனஸ் 2000 என்று நிரப்பிவைக்கும், அதை மைனஸ் 1000 ஆக்கிவிடுங்கள். ஸ்லைஸ்களின் எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் மாறும், ஒருவருக்குப் பத்துப் பதினைந்துதான் இருக்கும், இன்னொருவருக்கு ஆயிரத்தைத் தொடும். எல்லாவற்றையும் ஒரே மில்லிமீட்டர் இடைவெளிக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்து நுரையீரலை மட்டும் பிரித்தெடுப்பது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள், மைனஸ் 400-க்குக் கீழே இருப்பதெல்லாம் நுரையீரல் என்று ஒரு கோடு போடச் சொல்லும். ஆரோக்கியமான நுரையீரலுக்கு அது சரி. ஃபைப்ரோசிஸில் தழும்பு அடர்த்தியானது, அந்தக் கோடு போட்டால் எந்தப் பகுதியைப் பார்க்க வந்தோமோ அந்தப் பகுதியையே வெட்டி வெளியே எறிந்துவிடும், அதுவும் இந்த நோய் பெரும்பாலும் ஓரத்திலும் அடியிலும்தான் தொடங்கும் என்பதால் வெட்டியது கண்ணுக்கும் தெரியாது, நுரையீரல் கொஞ்சம் சின்னது போலத்தான் தோன்றும். லங்மாஸ்க், டோட்டல்செக்மென்டேட்டர் போன்ற பயிற்சி பெற்ற கருவிகளைப் பயன்படுத்துங்கள், அப்போதும் இருபது பேரின் முடிவையாவது கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று மூச்சு. ஸ்கேன் எடுக்கும்போது "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார்கள். இருமிக்கொண்டே இருக்கும் ஒருவரால் முழுதாக இழுக்க முடியாது, பாதி மூச்சில் எடுத்த ஸ்கேனில் நுரையீரல் முழுக்க மங்கலாக, அடர்த்தி கூடியது போல இருக்கும். மாடல் அதை நோய் ஏறியதாகவே படித்துக்கொள்ளும். இயந்திரம் மாறினாலும், படத்தைக் கூர்மையாக்கும் கெர்னல் மாறினாலும் இதே சிக்கல்தான். ஒரே நோயாளியின் இரண்டு ஸ்கேன்களில் இந்த விவரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு அட்டவணை போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்காலத்தைக் கற்க இரண்டு ஸ்கேன் வேண்டும்

ஓஎஸ்ஐசி தரவில் ஆளுக்கு ஒரு ஸ்கேன்தான் என்றேன் அல்லவா? அதை மட்டும் வைத்து "ஒரு வருடம் கழித்து" என்பதை எந்த மாடலாலும் படமாகக் கற்க முடியாது. ஒரே ஆளின் முந்தைய, பிந்தைய ஸ்கேன் ஜோடிகள் வேண்டும். பொதுவெளியில் பெரிய அளவில் இருப்பது அமெரிக்காவின் என்எல்எஸ்டி ஆய்வின் ஸ்கேன்கள். 53,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்த நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வு அது, சுமார் பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒன்றாக மூன்று குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்தார்கள். எல்லோரும் 55 முதல் 74 வயதுக்குள் இருந்த, நிறையப் புகைத்தவர்கள். ஃபைப்ரோசிஸுக்கான தரவு இல்லை இது, ஆனால் ஒரு நுரையீரல் ஒரு வருடத்தில் சாதாரணமாக எப்படி மாறும், எது வெறும் மூச்சு வித்தியாசம் என்பதை மாடல் இங்கே கற்றுக்கொள்ளும். உண்மையான ஃபைப்ரோசிஸ் ஜோடிகளுக்கு ஒரு மருத்துவமனையோடு, அங்கே இருக்கும் அறநெறிக் குழுவின் அனுமதியோடு சேர்ந்து வேலை செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஜோடியை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும்போது நகர்த்துவது, சுழற்றுவது இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரப்பர் போல இழுத்துப் பொருத்தும் முறைகள் படத்தை அழகாக்கும், ஆனால் ஃபைப்ரோசிஸில் நுரையீரல் சுருங்குவதே நோயின் ஒரு பகுதி. 2022-ல் வந்த சர்வதேச மருத்துவ நெறிமுறை, நுரையீரலின் பகுதிகளான மடல்கள் சுருங்குவதை நோய் ஏறியதற்கான அடையாளங்களில் ஒன்றாக எண்ணுகிறது. இழுத்துப் பொருத்தினால் அந்த அடையாளத்தை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

மாடல்

512-க்கு 512, முந்நூறு ஸ்லைஸ் என்றால் 7 கோடியே 86 லட்சம் எண்கள். இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிப் படம் வரையும் டிஃப்யூஷன் மாடலுக்கு இதை அப்படியே கொடுக்க முடியாது. அதனால் வேலை இரண்டாகப் பிரியும்.

முதலில் ஒரு ஆட்டோஎன்கோடர். ஸ்கேனைச் சுருக்கி, சுருக்கியதிலிருந்து திரும்ப வரையக் கற்றுக்கொள்ளும். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் 160, 128, 160 என்ற பெட்டிக்குள் நுரையீரலை அடக்கினால் சுமார் 33 லட்சம் புள்ளிகள், ஒவ்வொரு திசையிலும் நாலில் ஒன்றாகச் சுருக்கி நாலு சேனல் வைத்தால் 2 லட்சம் எண்கள், இது பழகுவதற்குத் தாங்கும். இதற்கு ஜோடி தேவையில்லை, கையில் இருக்கும் எல்லா ஸ்கேனையும் பயன்படுத்தலாம். மோனாய் என்ற இலவச நூலகத்தில் இந்த ஆட்டோஎன்கோடரும் டிஃப்யூஷனும் முப்பரிமாணத்துக்காகவே தயாராக இருக்கின்றன, நீங்களே முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை.

அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் இங்கே நில்லுங்கள், பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. ஆட்டோஎன்கோடர் வழியாகப் போய்த் திரும்பிய ஸ்கேனை அசலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐபிஎஃப் ஸ்கேனில் தேன்கூடு போல அடுக்கடுக்காகச் சின்னக் குமிழிகள் தெரியும், பெரும்பாலும் 3 முதல் 10 மில்லிமீட்டர் அளவில், நோயின் மிக முக்கியமான அடையாளம் அதுதான். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் அதன் சுவர்கள் மங்கிவிடும், சுருக்கிய பிறகு மொத்தமாகச் சாம்பல் நிறத் திட்டாகிவிடும். உங்கள் ஆட்டோஎன்கோடரால் இன்றைய தேன்கூட்டையே திரும்ப வரைய முடியவில்லை என்றால், அடுத்த வருடத் தேன்கூட்டை வரையும் என்று எதிர்பார்க்க என்ன இருக்கிறது? 1 மில்லிமீட்டருக்கு இறங்கி, நுரையீரலைத் துண்டு துண்டாகப் பயிற்றுவியுங்கள். நேரம் அதிகமாகும், ஆகட்டும்.

இரண்டாவது, டிஃப்யூஷன். ஒரு ஜோடியை எடுத்து, பிந்தைய ஸ்கேனின் சுருக்கத்தில் இரைச்சலைக் கலந்து, முந்தைய ஸ்கேனின் சுருக்கத்தையும் இடையில் எத்தனை வாரம் என்பதையும் வயது, பாலினம், எஃப்விசி, என்ன மருந்து என்பதையும் கூடக் கொடுத்து, இரைச்சலை நீக்கச் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கான முறை இதைச் செய்தபின், வெறும் இரைச்சலில் தொடங்கி, இன்றைய ஸ்கேனையும் "52 வாரம்" என்பதையும் கொடுத்தால் ஒரு எதிர்கால ஸ்கேனை வரையும். வேறு வழிகளும் உண்டு. 2024-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஐபிஎஃப் ஸ்கேன்களுக்காகவே உருவாக்கிய முறை, சுருக்கிய ஸ்கேன் காலப்போக்கில் எப்படி நகர்கிறது என்பதை ஒரு வகைக்கெழுச் சமன்பாடாகக் கற்றுக்கொள்கிறது, நோயாளிகள் ஒழுங்கான இடைவெளியில் ஸ்கேன் எடுப்பதில்லை என்பதால் அது பொருத்தமான யோசனை. தொடங்குபவர்களுக்கு டிஃப்யூஷனே போதும்.

ஒரு நோயாளிக்கு ஒரே படம் வரைந்து நிறுத்தாதீர்கள். இருபது படமாவது வரையுங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறாக இருக்கும், அந்த வேறுபாடுதான் உங்களுக்குத் தேவையான தகவல். இருபதிலும் தழும்பு ஒரே மாதிரி ஏறியிருந்தால் ஒரு செய்தி, பத்தில் ஏறி பத்தில் அப்படியே நின்றால் வேறொரு செய்தி.

அது உண்மையா என்று பார்ப்பது

இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். முதல்முறை பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரித்தபோது, ஸ்லைஸ்களைக் கலைத்துப் போட்டுப் பிரித்தேன். ஒரே ஆளின் 140-வது ஸ்லைஸ் பயிற்சியிலும் 141-வது சோதனையிலும் விழுந்தது. முடிவு பிரமாதமாக வந்தது, இரண்டு வாரம் அதை நம்பினேன். மாடல் அந்த ஆளை அடையாளம் கண்டுகொண்டது, நோயைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியவில்லை. ஆள் வாரியாகப் பிரியுங்கள், முடிந்தால் மருத்துவமனை வாரியாகப் பிரியுங்கள்.

அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. படத்துக்குப் படம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அளக்கும் எஸ்எஸ்ஐஎம் போன்ற எண்களை எல்லோரும் போடுவார்கள். ஆனால் ஒருவரின் அடுத்த வருட ஸ்கேன் பெரும்பகுதி இந்த வருட ஸ்கேனைப் போலத்தான் இருக்கும். விலா எலும்பு, இதயம், ரத்தக்குழாய் எல்லாம் அதே இடம். இன்றைய ஸ்கேனை அப்படியே நகலெடுத்து நீட்டினாலே எஸ்எஸ்ஐஎம் உயரமாக வரும், எத்தனையோ நாள் பயிற்றுவித்த உங்கள் மாடலைவிட உயரமாகக்கூட வரலாம். அதனால் மாற்றத்தை மட்டும் அளக்க வேண்டும்: வரைந்த ஸ்கேனிலும் உண்மையான பிந்தைய ஸ்கேனிலும் தழும்பின் பரப்பு நுரையீரலில் எத்தனை சதவீதம், நுரையீரலின் கொள்ளளவு எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டு, இரண்டின் வித்தியாசத்தைப் பாருங்கள். கூடவே இருபது படங்கள் தந்த வீச்சையும் சோதியுங்கள். "80 சதவீத வாய்ப்பு இந்த எல்லைக்குள்" என்று மாடல் சொன்னால், சோதனையில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது உண்மை அந்த எல்லைக்குள் விழுந்திருக்க வேண்டும். ஐந்து பேருக்குத்தான் விழுகிறது என்றால் மாடல் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறது, ஒரு நோயாளியின் விஷயத்தில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது இல்லை. சுவரில் ஒட்டிய மூன்று மதிப்பெண்களோடும் ஒப்பிட மறக்காதீர்கள்.

சரி, இதையெல்லாம் செய்த பிறகும் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. இரண்டாவது ஸ்கேன் எடுத்தவர்கள் யார்? அதுவரை உயிரோடு இருந்தவர்கள், மருத்துவமனைக்கு நடந்து வரும் தெம்பு இருந்தவர்கள். மிக வேகமாக மோசமானவர்களுக்கு இரண்டாவது ஸ்கேனே இருக்காது. ஜோடிகளை மட்டும் வைத்துப் பயின்ற மாடல் எப்போதும் கொஞ்சம் நல்ல செய்தியாகவே சொல்லும். குறைந்தது, ஜோடி இல்லாதவர்கள் எத்தனை பேர், ஏன் இல்லை என்று உங்கள் முடிவோடு சேர்த்து எழுதுங்கள். ஐபிஎஃப்-இல் சில நாட்களிலேயே நிலைமை தலைகீழாகும் திடீர்த் தாக்குதல்களும் உண்டு. அமைதியான ஒரு ஸ்கேனைப் பார்த்து அது எந்த மாதம் வரும் என்று சொல்லும் மாடலை யாராவது காட்டினால் தரவை வாங்கிப் பாருங்கள்.

நம் ஊர் நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017-ல் வெளியான இந்தியப் பதிவேட்டில், 19 நகரங்களின் 27 மையங்களைச் சேர்ந்த 1,084 நுரையீரல் இடைத்திசு நோயாளிகளை (ஐபிஎஃப் இந்த நோய் வகைகளில் ஒன்று) பார்த்தபோது, 47 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ், மூச்சில் போகும் பூஞ்சை, பறவைத் தூசி போன்றவற்றால் வரும் ஒவ்வாமை நோய். அவர்களில் பலர் ஏர்கூலர் புழக்கத்தில் இருந்தவர்கள். ஐபிஎஃப் அதைவிட மிகக் குறைவு. காசநோய் ஆறிப்போன தழும்பும் நம் ஸ்கேன்களில் சாதாரணம், அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெளிநாட்டு ஐபிஎஃப் ஸ்கேன்களில் பயின்ற மாடல் அந்தப் பழைய தழும்பையும் வளரப்போகும் தழும்பாகவே வரையலாம். உள்ளூர் ஸ்கேனில் சோதிக்காமல் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள்.

கோப்புகளை வைத்துக்கொள்ளும் விதம்

2019-ல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிடி ஸ்கேனில் இல்லாத புற்றுநோய்க் கட்டியைச் சேர்த்தும் இருந்ததை அழித்தும் ரேடியாலஜிஸ்ட்டுகளை ஏமாற்ற முடியும் என்று காட்டினார்கள். நீங்கள் வரையும் ஸ்கேனும் அதே வகைதான், நோக்கம் மட்டும் வேறு. எனவே வரைந்த ஒவ்வொரு ஸ்லைஸிலும் "உருவாக்கப்பட்ட படம்" என்று படத்துக்குள்ளேயே எழுதுங்கள், கோப்பில் நோயாளியின் அடையாள எண்ணை வைக்காதீர்கள், மருத்துவமனையின் ஸ்கேன் சேமிப்பகத்துக்குள் அது எந்த வழியிலும் போகக் கூடாது. டைகாமிலிருந்து பெயரையும் பிறந்த தேதியையும் நீக்கும்போது படத்தின்மேல் அச்சாகியிருக்கும் எழுத்தையும் நீக்க வேண்டும், அது தனி வேலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2023-ல் மருத்துவ ஏஐ-க்கான அறநெறி வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது, மருத்துவமனையோடு பேசப்போகும் முன் படித்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், ஒரு ரேடியாலஜிஸ்ட்டை எவ்வளவு சீக்கிரம் கூட்டு சேர்க்க முடியுமோ அவ்வளவு நல்லது. அவரிடம் முதல் நாள் போகும்போது அழகாக வந்த படங்களை எடுத்துப் போகாதீர்கள். மாடல் மிக மோசமாகத் தவறிய ஐந்து நோயாளிகளை எடுத்து, இன்றைய ஸ்கேன், மாடல் வரைந்தது, உண்மையில் வந்தது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே தவறியிருக்கும் என்று கேளுங்கள். "இவர் மூச்சைப் பிடிக்கவில்லை", "இது ஃபைப்ரோசிஸே இல்லை, நடுவில் வந்த தொற்று", "இங்கே குப்புறப் படுக்கவைத்து எடுத்திருக்கிறார்கள்" என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் தரவில் திருத்த வேண்டிய பட்டியல் அதுதான்.